ஸ்டேப்பிள் பின்னை எடுக்க வேண்டாம்

கனோலா அறுத்து முடிந்து
முதல் பனி ஜன்னல் விளிம்பில் ஒட்டும் வாரம்
ஓரெஸ்ட் பிட்லுப்னி வருவார்.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு
என் மேஜைக்கு எதிரே உட்காருவார்.
"க்ளெண்டா, இந்த வருஷமும் கொஞ்சம் செத்துப் பார்க்கலாமா?"

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார் வக்கீல்.
இவருக்கு வருஷா வருஷம்,
டிராக்டருக்கு எண்ணெய் மாற்றுவது மாதிரி.

"சுயநினைவோடும் எவர் தூண்டுதலும் இன்றியும்"
என்ற வரியில் மட்டும்
பதினாறு வருஷமாக ஓர் எழுத்து மாறவில்லை.

தம்பி மகன் நெஸ்டருக்கு எழுதிய சிவப்பு லாரி
மூஸ் மானில் மோதிப் பழைய இரும்புக்குப் போனது.
இல்லாத லாரியைக் கொடுத்தால்
இல்லாததுதான் கிடைக்கும் என்று விளக்கினேன்.
"சரி, அவனுக்குத் தேனீப் பெட்டிகள்."
அடுத்த குளிரில் தேனீக்கள் செத்தன.
"அவன் ராசி அப்படி. பணமாப் போடு."

உயிலை நிறைவேற்ற வேண்டிய ஹெர்ப்
இவரை முந்திக்கொண்டார்.
அந்தப் பெயரை அடிக்கும்போது மட்டும்
பேனாவை வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே தானியக் கோபுரத்தின் மேல்
ஒரு விளக்கு காரணமில்லாமல் எரிந்தது.

லரீசாவுக்கு முதலில் பாதி நிலம்.
வின்னிபெக் பையனோடு போன வருஷம்
ஒரே ஒரு டாலர்.
பேத்தி பிறந்த எட்டாம் நாள்
ரோட்டை மூடிய புயலில்
நவம்பர் வரைகூடப் பொறுக்காமல் வந்து நின்றார்.
புதியதில் கையெழுத்துப் போட்டு மை காய்ந்ததும்
அந்த ஒரு டாலரைத் தன் கையாலேயே கிழித்து
துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
குப்பைக்கூடையைக் காட்டினேன்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.

கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வேலை செய்யும் ஷெர்லினும் நானும்
எப்போதும் சாட்சி.
எதுவும் கிடைக்காதவர்கள்தான் சாட்சியாகலாம்.
சட்டம் அப்படி.
பிறகு நான் அதே எச்சரிக்கையைச் சொல்வேன்:
நகலெடுக்கக்கூட ஸ்டேப்பிள் பின்னை எடுக்க வேண்டாம்.
இரண்டு துளை நான்கானால்
எந்தப் பக்கம் போனது, எது உள்ளே வந்தது
என்று கேட்பார்கள்.

இந்த வருஷம் மாற்ற ஒன்றுமே இல்லை.
ஆனாலும் வந்தார், முழுக்கப் படித்தார்,
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டே கேட்டார்:
"உன்னோடதை எப்ப மாத்தின?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு மைனஸ் இருபத்தேழு.
சமையலறை இழுப்பறையில்
உத்தரவாதச் சீட்டுகளுக்கு அடியில் என் உயில்.
எல்லாம் என் கணவர் லைலுக்கு.
விவாகரத்தாகி ஒன்பது வருஷம்.
கெலோனாவில் வேறொருத்தியோடும் இரண்டு நாய்களோடும்
என் சாவுக்குத் தயாராக இருக்கிறான்,
அவனுக்கே தெரியாமல்.
ஊரார் சாவையெல்லாம் பிழையில்லாமல் தட்டச்சு செய்த கை இது.

லைல் என்ற பெயர் வந்த இடமெல்லாம் கோடு போட்டேன்.
பென்சிலால். பென்சில் செல்லாது, தெரியும்.
கோட்டுக்கு மேலே எழுத
முழங்கால் ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிப் போனது யார்,
மருந்துக்கடையில் என் பிறந்த தேதியைத்
தடுமாறாமல் சொன்னது யார் என்று யோசித்து
ஷெர்லின் என்று எழுதினேன்.

அப்புறம்தான் உறைத்தது.
இனி என் கையெழுத்துக்கு
அவள் சாட்சியாக முடியாது.

காலையில் அவளிடம் எப்படிச் சொல்வது?
வேறு யாரையாவது மாடிக்கு அனுப்பு, ஷெர்லின்,
இந்தமுறை மட்டும் நீ வராதே.